வரிசையில் நின்ற வண்டியில் செல்போன் எடுத்தால் குற்றமா?

கேள்வி: என் கணவர் 19 ஆண்டுகளாகக் கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறார். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலிப் பக்கத்து சி.எஃப்.எஸ்.கள் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் சரக்கைக் கையாளும் நிலையங்கள்) என்றுதான் அவருடைய நாள் போகும். சென்ற மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசையில் நின்றபோது செல்போனைக் கையில் வைத்திருந்தார் என்று போக்குவரத்துப் போலீசார் 1,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அவரும் அங்கேயே கட்டிவிட்டார். லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டார்களாம். வண்டி அப்போது ஓடவே இல்லை, வரிசை நகரவில்லை என்கிறார். அலுவலகத்திலிருந்து ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை போன் வரும். எடுக்காவிட்டால் அடுத்த டிரிப் வேறு ஆளுக்குப் போய்விடும். கட்டிய பணத்தை அலுவலகத்தில் கேட்டதற்கு, "உன் தப்புக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் லைசென்ஸ் போய்விடும் என்று உடன் ஓட்டுபவர்கள் பயமுறுத்துகிறார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நின்ற வண்டியில் போன் எடுப்பது குற்றமா? லைசென்ஸ் போய்விடுமா? விடாமல் போன் செய்கிறவர்களை எந்தச் சட்டமும் கேட்காதா?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நானும் அடிக்கடி கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். அன்று அபராதம் விதித்த நேரத்தில் வந்தது அலுவலகத்து அழைப்பா, என்னுடையதா என்று அவர் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவொற்றியூர்

விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்லும் "வண்டி ஓடவே இல்லை" என்பதிலிருந்து தொடங்குகிறேன். சட்டத்தைவிட அது எனக்கு அதிகக் கவலை தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மணலி வட்டாரத்தில் நடந்த ஒரு விபத்தில், அடிபட்டவருக்காக நான் இழப்பீட்டு வழக்கு நடத்தினேன். இரவுப் பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி அவர். சாலை முழுக்க டிரைலர்கள் வரிசையில் நின்றிருந்தன. இரண்டு வண்டிகளுக்கு இடையில் கிடைத்த சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே கடந்தார். அந்த நேரத்தில் பின் வண்டி ஓட்டுநருக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கன்டெய்னர் நம்பர் வந்தது. நான்கு எழுத்து, ஏழு எண். ஓர் எண் தவறினாலும் வேறு பெட்டி என்பதால் அவர் அதை இரண்டு முறை படித்திருக்கிறார். படித்து முடித்து நிமிர்ந்தபோது முன் வண்டி பத்து அடி நகர்ந்திருந்தது. பின்னால் ஹாரன். பிரேக்கை விட்டார். டிரைலரின் உயர்ந்த கேபினிலிருந்து பார்த்தால் பம்பருக்கு ஒட்டி முன்னால் நிற்பவரின் தலைகூடத் தெரியாது. ஆள் சந்துக்குள் நுழையும்போது கண் சாலையில் இருந்திருந்தால் மட்டுமே அங்கே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்திருக்கும். வண்டியின் வேகம் மனிதன் நடக்கும் வேகம்தான். அந்தத் தொழிலாளிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

வடசென்னையில் லாரி வரிசைக்குள் என்னென்ன புகுந்து போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள், காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் ஷேர் ஆட்டோக்கள், இடது கண்ணாடியில் ஒரு நொடி தெரிந்து மறையும் இரு சக்கர வாகனங்கள். வரிசை அசையாமல் நிற்கும் நேரத்தில்தான் அவர்கள் எல்லாரும் வண்டிகளுக்கு இடையே வருகிறார்கள். ஓட்டுநர் போனைப் பார்ப்பதும் அதே நேரத்தில்தான். திறந்த சாலையில் ஓடும்போது போன் எடுக்கக் கூடாது என்பது உங்கள் கணவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி கீழே பார்த்தால் வண்டி 55 மீட்டர் குருடாகப் போயிருக்கும். நாற்பதடிப் பெட்டிகள் நான்கை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலும் அந்த தூரம் வராது. 19 ஆண்டு ஓட்டியவர் அந்தத் தவறைச் செய்ய மாட்டார். வரிசையில் நிற்கும்போது பரவாயில்லை என்ற நினைப்புதான் அனுபவசாலிகளையும் மாட்டிவிடுகிறது.

இனி சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019-இல் கொண்டுவந்த திருத்தம், எவையெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று பட்டியலிட்டு, ஓட்டும்போது கையில் வைத்துப் பயன்படுத்தும் தொலைத்தொடர்புக் கருவியையும் அதில் சேர்த்தது. சிவப்பு விளக்கை மீறுவதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதில் செல்போன் குற்றத்தை மட்டும் நீதிமன்றத்துக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் உயர்த்திய கட்டணப்படி முதல் முறைக்கு 1,000 ரூபாய். உங்கள் கணவர் கட்டியது அதுதான்.

"ஓட்டும்போது" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனி விளக்கம் இல்லை. சிக்னலில் நின்றால் விலக்கு, நெரிசலில் நின்றால் விலக்கு என்று எங்கும் எழுதப்படவும் இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறார், வண்டி போக்குவரத்துத் தடத்தில் நிற்கிறது, முன் வண்டி நகர்ந்தால் இதுவும் நகரும் என்றால், அவர் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்று ஒரு மாஜிஸ்திரேட்டை நம்ப வைப்பது கடினம். நான் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போக மாட்டேன். யார்டுக்குள்ளோ லாரிகள் நிறுத்தும் இடத்திலோ சாலையைவிட்டு ஒதுங்கி, என்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுப் பேசினால் அது வேறு. அதில் தவறில்லை. ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், குற்றம்தான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தி உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவது குற்றமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். 2018-இல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. அது கேரளப் போலீஸ் சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் செல்போனைச் சேர்த்தது அதற்கு அடுத்த ஆண்டு. எண்ணூரில் நிறுத்தும் போலீசாரிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை.

வழி காட்டும் வரைபடத்துக்காக மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மத்திய விதிகள் அனுமதிக்கின்றன. அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் தாங்கி ஒன்று பொருத்தி, கிளம்பும் முன்பே இடத்தைப் பதிந்து வைத்துக்கொள்வது சரி. புளூடூத் காதில் மாட்டிப் பேசுவது "கையில் வைத்து" என்ற சொல்லுக்குள் வராது என்பதால் பலர் அதை வழியாக நினைக்கிறார்கள். அபராதத்திலிருந்து வேண்டுமானால் அது தப்ப வைக்கலாம். போனில் பேசிக்கொண்டு ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், கை படாமல் பேசுவதும் அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அல்ல என்று சேர்த்தே சொல்கிறது. அலுவலகத்தில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, காதில் அதைக் கேட்டபடியே இடது கண்ணாடியையும் கவனிப்பது யாருக்கும் எளிதல்ல.

லைசென்ஸ் பற்றிய பயத்துக்கு வருகிறேன். இதில் உடன் ஓட்டுபவர்கள் சொல்வது பாதி உண்மை.

சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் குழு, 2015-இல் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. குடித்துவிட்டு ஓட்டுதல், அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், அதிக பாரம், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுதல், செல்போன் பயன்படுத்துதல் ஆகியவற்றில் பிடிபட்டால் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அது. 2019 திருத்தம் அதையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. போலீசார் உரிமத்தை வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். அந்த அலுவலகம் முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். மறுபடி நடந்தால் உரிமத்தையே ரத்து செய்யலாம். பணம் கட்டிவிட்டதால் இந்த நடவடிக்கையிலிருந்து தப்பிவிட முடியாது.

ஆனால் இது தானாக நடந்துவிடாது. உங்கள் கணவரிடமிருந்து உரிமத்தை வாங்கிவைத்து ஒப்புகைச் சீட்டு தரவில்லை; படம் மட்டும் எடுத்திருக்கிறார்கள். தகுதி நீக்கம் செய்ய வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் முதலில் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்துதான் உத்தரவிட முடியும். நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுக்கி வைக்காமல், குறித்த நாளில் நேரில் போகச் சொல்லுங்கள். 19 ஆண்டுகளில் விபத்து வழக்கு ஏதும் இல்லை என்றால் அதை எழுதிக் கொடுக்கட்டும். இது முதல் முறை, அபராதம் கட்டியாயிற்று, குடும்பம் இந்த வருமானத்தை நம்பி இருக்கிறது என்பதையும் எழுதட்டும். கூடவே, இனி அலுவலகத்துடன் எப்படிப் பேசப்போகிறார் என்பதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தால் அதையும் காட்டட்டும். அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உத்தரவு பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒருவேளை மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டால், அந்த நாட்களில் ஒரு டிரிப் கூட, ஒரே ஒரு டிரிப் கூட, அவர் வண்டி எடுக்கக் கூடாது. இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். "யார் பார்க்கப்போகிறார்கள், ராத்திரியில் மட்டும் ஓட்டு" என்று அலுவலகத்திலேயே சொல்வார்கள். பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் என்பது அதில் சிறிய பகுதி. பெரிய பகுதி இன்சூரன்ஸ். ஓட்டுநர் செல்போன் பேசினார் என்பதற்காக, அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தர மாட்டேன் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்ல முடியாது. சட்டம் அந்த நிறுவனத்துக்கு அனுமதித்திருக்கும் எதிர்வாதங்களில் அது இல்லை. தகுதி நீக்கத்தில் இருந்தவர் ஓட்டினார் என்பது அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றில், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். உரிமையாளர் அதற்குப் பிறகு ஓட்டுநரை எப்படி நடத்துவார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கட்டிய 1,000 ரூபாயைத் திரும்பக் கேட்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சலான் அவர் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று அந்தச் சலானில் இருக்கிறது. தேதி. பணம் கட்டி முடித்துக்கொண்டாலும் அது முதல் குற்றமாகக் கணக்கில் நிற்கும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இன்னொரு முறை பிடிபட்டால் அது இரண்டாம் முறை, 10,000 ரூபாய். சலானைப் பத்திரப்படுத்தி, மூன்று ஆண்டு முடியும் தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

இனி, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டது. என்னிடம் வருகிற யாரும் இதைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டதற்காகவே இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்கும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 188-ஆவது பிரிவு. 184-இன் கீழ் வரும் குற்றத்தைச் செய்யத் தூண்டுகிறவருக்கு, அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டனையே உண்டு என்கிறது அது. குடிபோதையில் ஓட்டத் தூண்டுவதும் அதே பிரிவில் வருகிறது. 1988-இலேயே இருக்கும் இந்தப் பிரிவின் கீழ், 2019-இல் 184-க்குள் செல்போன் சேர்ந்தபோது செல்போனில் அழைப்பவரும் வந்துவிட்டார். ஆனால் ஒருவர் சும்மா போன் செய்தாலே தூண்டுதல் ஆகிவிடாது. ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தியிருக்க வேண்டும். "ஓட்டிக்கொண்டே பேசு", "எடுக்காவிட்டால் டிரிப் கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எழுத்தில் கிடைக்கும் சாட்சி.

மணலி வழக்கில் எனக்கு அந்த சாட்சி கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, சைக்கிள்காரர்தான் வந்து விழுந்தார் என்று நிரூபிப்பதற்காக உரிமையாளர் தரப்பு தங்கள் அலுவலகத்து டிரிப் நோட்டைத் தாக்கல் செய்தது. நீல அட்டை போட்ட சாதாரண நோட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் நேரம், எதிரே இடம். 5.10, 5.25, 5.35, 5.50 என்று இறங்கிக்கொண்டே போனது. இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்பது பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரு அழைப்பு. அதை எழுதிய குமாஸ்தா சாட்சிக் கூண்டில் ஏறினார். இவ்வளவு முறையும் கூப்பிட்டது நீங்கள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் சார், எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே கூப்பிட்டேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கெட்டவராகவும் தெரியவில்லை. ஏற்றுமதிக்காரர் அவரைக் கேட்கிறார், அவர் ஓட்டுநரைக் கேட்கிறார். தீர்ப்பாயம் இன்சூரன்ஸ் நிறுவனத்தை இழப்பீடு தரச் சொன்னது. என் கட்சிக்காரருக்குப் பணம் வந்தது. ஓட்டுநர் மேல் குற்றவியல் வழக்கு தனியாக நடந்தது. குமாஸ்தா அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குப் போய் அதே வேலையைப் பார்த்திருப்பார். அவர் மேல் வழக்கு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடிபட்டவரின் வழக்கறிஞராக நின்ற எனக்கும் அன்று தோன்றவில்லை. போக்குவரத்து வழக்குகளில் 188-ஆவது பிரிவைச் சேர்த்து நான் பார்த்தது மிகவும் குறைவு. இந்தப் பிரிவு பயன்படாமல் கிடப்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஓட்டுநரை மட்டும் தண்டித்துக்கொண்டிருந்தால் அந்த நீல நோட்டில் நேரங்கள் இறங்கிக்கொண்டேதான் போகும்.

விபத்து நடந்துவிட்டால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்பதையும் அலுவலகத்தார் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் முன்பு இரண்டு ஆண்டு வரை சிறை. இப்போது 106-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை. கொடுங்காயம் என்றால் 125-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை. விசாரணை அதிகாரி தொலைபேசி நிறுவனத்திடம் அழைப்பு விவரங்களைக் கேட்டு வாங்கினால், விபத்து நேரத்தில் யார் யாரை அழைத்தார், எத்தனை நொடி பேசினார் என்பதெல்லாம் வந்துவிடும். போனில் அழித்துவிட்டால் போயிற்று என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு உடனே அலுவலகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நீங்களும் அங்கே போய்ப் பேச வேண்டாம். தனி ஆளாகக் கேட்டால் உங்கள் கணவருக்கு டிரிப் நிற்கும். அதைத் தடுக்க என்னால் முடியாது. அந்த அலுவலகத்தின் வண்டி ஓட்டுகிற வேறு நான்கைந்து பேருக்கும் இதே தொல்லைதான் இருக்கும். அவர்களுடன் சேர்ந்து, ஒரே செய்தியை, ஒரே நாளில், மரியாதையாக அனுப்பட்டும். வாசகத்தை எழுதித் தருகிறேன்:

"ஐயா, வண்டி ஓட்டும்போதும் வரிசையில் நிற்கும்போதும் நாங்கள் போன் எடுக்க இயலாது. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவின்படி அது குற்றம். தூண்டுகிறவருக்கும் 188-ஆவது பிரிவின்படி அதே தண்டனை. லைசென்ஸ் போனால் வண்டி ஓட்ட ஆள் இருக்காது. கேட்டுக்குள் நுழையும் முன் லாரிகள் நிறுத்தும் இடத்திலும், சரக்கு ஏற்றி முடித்ததும், யார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம். கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், துறைமுகத்துக்குள் நுழைவதற்கான ஃபாரம் 13 எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்; வண்டியை நிறுத்தியதும் பார்த்துப் பதில் அனுப்புகிறோம். வண்டி இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ்.-இல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால், எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கே தேவை இல்லை. முப்பது, நாற்பது அழைப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால், அதைப் பொருத்தச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. கிளீனர் உடன் இருந்தால் போன் அவரிடம் இருக்கட்டும். இப்போதெல்லாம் பெரும்பாலும் கிளீனர் இல்லாமல்தான் அனுப்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் ஓட்டும் நேரத்தில் தானாகவே பதில் அனுப்பும் வசதியை உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு போனில் அமைத்துக் கொடுங்கள்.

பேச வேண்டும் என்பதற்காகக் கண்ட இடத்தில் வண்டியை ஓரம் கட்டுவதும் ஆபத்து. விரைவுச் சாலையிலும் டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையிலும் இருட்டில் ஓரமாக நிற்கும் டிரைலரின் பின்னால் வந்து மோதியவர்களின் வழக்குகளும் என் அலுவலகத்துக்கு வருகின்றன. பெட்ரோல் பங்க், யார்டு, லாரிகள் நிறுத்துவதற்கென்று இருக்கும் இடம், இவை மட்டும்தான்.

இந்தச் செய்தியின் பிரதியை அவர் வைத்துக்கொள்ளட்டும். நோட்டீஸ் வந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால், நான் முன்பு சொன்ன ஏற்பாடு இதுதான். தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ள முயல்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேறு இல்லை.

கடைசியாக உங்கள் அழைப்புகள். அன்று வந்தது யாருடைய அழைப்பு என்று அவரைக் கேட்காதீர்கள், சகோதரி. அலுவலகத்துடையதாக இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று உங்கள் மனம் உங்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதையும் சுமக்க வேண்டாம். சாப்பிட்டாரா என்று கேட்பது தூண்டுதல் ஆகாது, எந்தப் பிரிவும் உங்களைத் தொடாது. ஆனால் உங்கள் பெயர் திரையில் தெரிந்தால் அவர் எடுத்துவிடுவார். அலுவலகத்து அழைப்பையாவது இரண்டு முறை தவிர்ப்பார். வீட்டிலிருந்து என்றால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி முதல் மணியிலேயே கை போகும். இனி நீங்கள் கூப்பிட வேண்டாம். பகலில் ஒரு முறை, வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்காரும்போது, அவர் உங்களைக் கூப்பிடட்டும். வீட்டில் உண்மையிலேயே அவசரம் என்றால் செய்தியாக அனுப்புங்கள். "வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று மட்டும். என்ன அவசரம் என்பதை அதில் எழுத வேண்டாம். இந்த ஏற்பாட்டை அவருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முதல் வாரம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று. இன்று அவர் வீட்டுக்கு வந்ததும் லைசென்ஸை வாங்கி, அதில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். வாடகை வீடு மாறிய பிறகும் பழைய முகவரியே லைசென்ஸில் இருக்க, நோட்டீஸ் அங்கே போய், பதில் சொல்ல ஆள் இல்லாமல் உத்தரவான வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய முகவரி என்றால், இந்த வாரமே மாற்ற விண்ணப்பியுங்கள்.